ஜெனரலின் மெட்டும் நம்மூர்ப் பொன்னாடையும்

கேள்வி: சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக இசைத்துறை இருக்கிறது. சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் கர்நாடக இசைக்கு ஒரு தனித்துறை ஏன் இன்னும் வரவில்லை? நல்ல புரவலர் ஒருவர் கிடைத்தால் நடந்துவிடாதா?
- வாசகர், ஈசூன்

பதில்: புரவலரா? ஐயா, நம்மூரில் அவர்களுக்கு என்ன பஞ்சம்? எந்த விழா அழைப்பிதழை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள். பாடுகிறவர் பெயர் கடைசி வரியில் எறும்பு மாதிரி ஊர்ந்துகொண்டிருக்கும், மேலே புரவலர்கள் வரிசையாகக் கோட்டு போட்டுச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். பணம் கொடுக்க ஆள் கிடைத்துவிடும். கொடுத்தவர் பதிலுக்கு என்ன கேட்பார் என்பதில்தான் எனக்குப் பயம்.

ஸ்காட்லாந்தில் ஜான் ரீட் என்று ஒரு ஜெனரல் இருந்தார். புல்லாங்குழல் வாசிப்பார், மெட்டும் போடுவார். 1807-இல் இறந்தபோது, மகள் காலத்துக்குப் பிறகு தன் சொத்தெல்லாம் எடின்பரோ பல்கலைக்கழகத்துக்கு என்றும், அதில் இசைக்கு ஒரு பேராசிரியர் பதவி உண்டாக்க வேண்டும் என்றும் உயில் எழுதியிருந்தார். 1839-இல் பதவி வந்தது. ஆனால் உயிலில் இன்னொரு வரியும் இருந்தது: ஆண்டுதோறும் தன் பிறந்தநாளை ஒட்டி ஒரு கச்சேரி நடக்க வேண்டும், அது தான் போட்ட மெட்டுகளோடுதான் தொடங்க வேண்டும். அந்தக் காலத்து ரசனை எப்படி இருந்தது என்று பின்னால் வருகிறவர்கள் தெரிந்துகொள்ளவாம், தன் நினைவு நிலைக்கவுமாம். பீத்தோவன் கேட்கலாம் என்று வந்து உட்கார்ந்தவரும் முதலில் ஜெனரலைக் கேட்டுத்தான் தீர வேண்டும்.

இதை அப்படியே நம் சிங்கப்பூர்த் தேக்கா பக்கம் கொண்டுவந்து பாருங்கள். நம் ஜெனரல்களுக்குப் புல்லாங்குழல் தெரியாது, மைக் தெரியும். கச்சேரியைத் தொடங்கும் வர்ணத்துக்கு முன்னால் என் வாழ்க்கை வரலாறு காணொளியாகப் பதினைந்து நிமிடம், ராகம், தானம் பாடி முடிந்ததும் பல்லவிக்குப் போகாமல் எனக்கு ஒரு பொன்னாடை, பல்லவி வரியில் என் பெயர், மிருதங்கக்காரரின் தனி ஆவர்த்தனம் நடக்கும்போது தாமதமாக வந்த சிறப்பு விருந்தினருக்காகக் குத்துவிளக்கை அணைத்து இன்னொரு முறை ஏற்றுதல் என்று உயில் இரண்டு பக்கத்துக்குப் போகும். துறையில் முதலாண்டுக் கட்டாயப் பாடமே பொன்னாடை போர்த்துதலாக இருக்கும், செய்முறைத் தேர்வோடு. புகைப்படக்காரர் "சார், இன்னொரு தடவை" என்று சொன்னதும் சிரிப்பு கொஞ்சமும் குறையாமல் திரும்பப் போர்த்துகிறவருக்கு முதல் வகுப்பு. பொன்னாடையைப் பற்றி இனி எழுதினால் சந்தாவை நிறுத்திவிடுவேன் என்று சொன்ன அன்பர் இதையும் படித்துக்கொள்ளட்டும். ஏழு மணி விழாவை எட்டேகாலுக்குத் தொடங்கி, "நேரமின்மை காரணமாக" என்று சொல்லிப் பாட்டைக் குறைத்த புண்ணியவான் அவர்தான்.

சிதம்பரத்துச் செட்டியாரும் நிபந்தனை போட்டவர்தான். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1929-இல் இசைக் கல்லூரி தொடங்கினார், பல்கலைக்கழகம் வந்ததும் அதே ஆண்டில். தன் மெட்டை வாசி என்று அவர் யாரையும் கேட்கவில்லை, கச்சேரி மேடையில் தெலுங்கும் சமஸ்கிருதமும் ஓங்கியிருந்த காலத்தில் தமிழில் பாடுங்கள் என்றார். 1941 ஆகஸ்டில் அங்கே தமிழிசை மாநாடு. புதுப் பாட்டுகளுக்குப் பணம் கொடுத்தார், பல்கலைக்கழகமே சுரக்குறிப்போடு தொகுதி தொகுதியாக அச்சிட்டது. அப்புறம் பாருங்கள் ரகளையை! சென்னையில் மியூசிக் அகாதெமி முகம் சுளித்தது. கல்கியும் ராஜாஜியும் ரசிகமணி டி.கே.சி.யும் தமிழிசைப் பக்கம் நின்றார்கள். 1943-இல் தமிழ் இசைச் சங்கமே கிளம்பிவிட்டது. பாட்டு எந்த மொழியில் இருக்க வேண்டும் என்று ஒரு நாடே வரிந்துகட்டிக்கொண்டு நின்ற காலம் அது. இன்றைக்கு நாம் அடித்துக்கொள்வதெல்லாம் முன்வரிசை நாற்காலிக்கு.

யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்பதையும் பாருங்கள். பாடகர் டைகர் வரதாச்சாரியார் அங்கே தலைமை வகித்தார். பிற்பாடு தண்டபாணி தேசிகர் வந்தார், 1942-இல் 'நந்தனார்' படத்தில் நந்தனாராக வந்தாரே, அவரேதான். தேவாரத்தில் ஊறிய தொண்டை. இப்போது இவர்கள் விண்ணப்பித்தால் நம் மனிதவளப் பிரிவு என்ன கேட்கும்? முனைவர் பட்டம் எங்கே, ஆய்விதழில் எத்தனை கட்டுரை, "டைகர்" என்பது அடையாள அட்டையில் இருக்கிறதா? இன்னொரு வேடிக்கை, அங்கே தமிழ்ப் பேராசிரியராக இருந்த விபுலானந்த அடிகள் இசைத்துறைக்காரரே இல்லை, ஆனால் 1947-இல் பழந்தமிழ் இசையை ஆராய்ந்து 'யாழ் நூல்' கொடுத்தது அவர்.

சரி, சிங்கப்பூர். தேசியப் பல்கலைக்கழகத்தில் 2001-இல் அமெரிக்காவின் பீபாடி நிறுவனத்தோடு கைகோத்து ஓர் இசைக் கல்லூரி வந்தது. ஒரு குடும்பம் பெரிய நன்கொடை கொடுத்து, மறைந்த மகள் யோங் சியூ தோவின் பெயரை 2003-இல் அதற்குச் சூட்டியது. அங்கே முக்கியமாக மேற்கத்தியச் செவ்வியல் இசைதான். நம் பக்கம் சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் 1949-லிருந்து இருக்கிறது, மலாயாப் பல்கலைக்கழகம் இங்கே தொடங்கியதும் அதே 1949-இல்தான். ஒரே வயது, ஒரே ஊர், ஆனாலும் பாட்டுக்கு அந்த வாசல் திறக்கவில்லை. தமிழுக்குத் திறந்தது. 'தமிழ் முரசு' கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டினார், சாதாரணத் தொழிலாளர்கள் கொடுத்த காசு அது. அவர்களில் யாரும் தன் மெட்டை வாசிக்கச் சொல்லவில்லை. 1956-இல் இந்திய இயல் துறை வந்தது, பிறகு கோலாலம்பூருக்குப் போனது. அது தனிக் கதை, இன்னொரு இதழில் வயிறெரிகிறேன்.

ஆகப் பணம் வந்துவிடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாணவர்? சனிக்கிழமை காலையில் சமூக மன்றத்தில் சரளி வரிசை பாடுகிற பிள்ளைகள் இந்த ஊரில் ஏராளம். உயர்நிலை நான்கு வந்ததும் கணக்கு டியூஷன் அந்த நேரத்தைப் பிடித்துக்கொள்ளும், சுருதிப் பெட்டி அலமாரிக்குப் போகும். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் முதல் விருப்பமாக இசை என்று எழுதும் பிள்ளைகள் ஆண்டுக்குப் பத்துப் பேராவது வந்தால்தான் துறை நிற்கும், படித்து வெளியே வருகிறவருக்குச் சம்பளம் கொடுக்க ஆள் இருந்தால்தான் அந்தப் பத்துப் பேர் வருவார்கள். ஈசூன்காரரே, உங்கள் வீட்டில் பாடுகிற பிள்ளை இருக்கிறதா? அது அப்படி எழுதினால் கையெழுத்துப் போடுவீர்களா? போடுவேன் என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள், புரவலரைப் பிடித்து வருவது என் பொறுப்பு.