சீப்பை ஒதுக்கி வைத்தவர்களுக்கு: சடைமுடி கேள்வி பதில்

இங்கே பேசப்போவது, சீவாமல் விட்ட முடி தானாகத் திரண்டு கயிறு கயிறாக ஆகும் சடைமுடி, அதாவது ட்ரெட்லாக்ஸ் பற்றி மட்டும்தான். மெழுகு தடவி, ஊசியால் கோத்து ஒரே நாளில் போட்டுவிடும் சடைக்குப் பராமரிப்பே வேறு. கேளுங்கள்.

அக்கா, சடை வளர்க்க ஆசை. தலைக்கே குளிக்கக் கூடாதாமே?

தம்பி, இந்த ஒரு பேச்சை நம்பித்தான் பலர் தலையைக் கெடுத்துக்கொள்கிறார்கள். பிசுக்கு ஏறிய முடி வழுக்கும், முடிச்சு விழாது. முடியின் மேற்பரப்பு செதில் செதிலாக இருக்கும். அது சுத்தமாக, உலர்ந்து இருந்தால்தான் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். வாரம் ஒருமுறை ஷாம்பு போட்டுக் குளியுங்கள். வியர்வை அதிகம் என்றால் இரண்டு முறை. கண்டிஷனர் வேண்டாம். தேன்மெழுகு வேண்டவே வேண்டாம். அது தண்ணீரில் கரையாது, தூசியையும் சேர்த்து உள்ளே பூட்டி வைத்துவிடும்.

குளிக்கக் கூடாது என்பதற்கு, ஜமைக்காவில் சடை வளர்க்கும் மதத்தினரான ராஸ்தாபாரிகளை உதாரணம் காட்டுவார்கள். அவர்கள் பின்பற்றுவது பைபிளின் எண்ணாகமம் 6ஆம் அதிகாரத்தில் வரும் நசரேய விரதம். தலையில் கத்தி படக்கூடாது என்றுதான் அதில் இருக்கிறது. தண்ணீர் படக்கூடாது என்று இல்லை.

எனக்குக் கோரைமுடி. அஞ்சு மாசமா சீவவே இல்லை, வெறும் சிக்காகத்தான் இருக்கிறது.

அப்படித்தான் இருக்கும். நல்ல சுருட்டை முடி சில மாதங்களில் திரளும். நேர்முடி ஒழுங்காக இறுக ஒன்றரை, இரண்டு வருஷம்கூட ஆகலாம். நம் தலையில் ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்கிறது. சீவினால் சீப்போடு போய்விடும். சீவாதபோது அதில் பெரும்பகுதி உள்ளேயே தங்கி மற்ற முடியைச் சுற்றிக்கொள்ளும். பின்மண்டையில், தலையணை உரசும் இடத்தைத் தொட்டுப் பாருங்கள். அநேகமாக அங்கேதான் முதலில் நெல்லிக்காய் மாதிரி ஒரு திரட்சி தட்டுப்படும். இன்னொன்று, முடி உள்ளுக்குள் மடங்கி மடங்கிப் போவதால் நீளம் குறைந்தது போலத் தெரியும். பதற வேண்டாம்.

சென்னையில் இருக்கிறேன். குளித்த மறுநாள் ஈரத்துணி வாடை வருகிறது. சாம்பிராணி போட்டும் போகவில்லை.

சாம்பிராணி வாடையை மறைக்கும், ஈரத்தை எடுக்காது. சடையின் வெளிப்பக்கம் காய்ந்தாலும் நடுப்பகுதி மணிக்கணக்கில் ஈரமாகவே இருக்கும். அந்த ஈரத்தில்தான் பூஞ்சை பிடிக்கிறது. நம் ஊர் சடைக்காரர்களுக்கு உண்மையான எதிரி அழுக்கு இல்லை, இந்த ஈரம்தான். அதனால் இரவில் தலைக்குக் குளிக்காதீர்கள். காலையில் குளித்து, ஒவ்வொரு சடையாக வேரிலிருந்து நுனி வரை பருத்தித் துண்டில் வைத்து அழுத்துங்கள். முறுக்கிப் பிழிய வேண்டாம். தண்ணீர் நின்றுவிட்டது என்று தோன்றும்போது காய்ந்த துண்டால் இன்னொரு முறை அழுத்தினால் அந்தத் துண்டும் நனையும். அப்புறம் ஃபேனுக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள், அல்லது மாடி வெயில். நன்றாகக் காயும்வரை கட்டவும் கூடாது, ஹெல்மெட்டும் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் வையுங்கள். காய்ந்த பிறகும் அந்த வாடை போகவில்லை என்றால் சடை தடிமனாகி உள்ளே காயாமல் இருக்கலாம். இனி மெல்லிய சடைகளாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

எப்படிப் பார்த்துக்கொள்வது? எனக்கு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து பாய் மாதிரி ஆகிறது.

தானாக வளர விடுவதிலும் நம் கைவேலை இது ஒன்று உண்டு. தலை காய்ந்ததும் வேர்ப்பகுதியில் ஒட்டிக்கொண்ட இரண்டு சடைகளையும் கைக்கு ஒன்றாகப் பிடித்து மெதுவாக விலக்குங்கள். இடையில் ஓடும் சில இழைகள் பட் பட் என்று அறுவது காதில் கேட்கும். அது பரவாயில்லை. தோல் இழுபட்டு வலித்தால் மட்டும் அங்கே நிறுத்தி, அடுத்த வாரம் தொடருங்கள். மாதக்கணக்கில் விட்டுவிட்டால் கையால் முடியாது, கத்தரிக்கோல்தான்.

சனிக்கிழமை எண்ணெய்க் குளியல், சீயக்காய்?

சீயக்காய்த் தூள் உள்ளே போனால் திரும்ப வராது. பூந்திக்கொட்டையை ஊறவைத்து, துணியில் வடிகட்டிய தண்ணீர் நல்லது. எண்ணெயைச் சடையில் ஊற்றினால் முடிச்சு நெகிழும். தலைத்தோல் வறண்டால், விரல் நுனியில் தொட்டு வகிட்டில் மட்டும் வைத்து மறுநாள் அலசிவிடுங்கள். உப்புத் தண்ணீர் ஊர் என்றால் சோப்புக்கட்டி வேண்டாம், பிசின் மாதிரிப் படியும்.

பேன் வந்தால் மொட்டைதானா?

இல்லை. பேனும் ஈரும் தலைத்தோலை ஒட்டித்தான் இருக்கும். பெர்மெத்ரின் 1 சதவீத லோஷனை அட்டையில் சொன்னபடி தோலில் படும்படி போட்டு, ஏழிலிருந்து பத்து நாளுக்குள் மறுபடியும் போடுங்கள். வீட்டில் மற்றவர்கள் தலையையும் பாருங்கள்.

நெற்றியோரம் முடி குறைகிறது. உச்சியில் இறுக்கிக் கொண்டை போடுவேன்.

இன்றே அவிழ்த்துவிடுங்கள். தொடர்ந்து இழுபட்டால் வேர் நிரந்தரமாகக் கெடும், அங்கே முடி திரும்ப வராது. தழையக் கட்டுங்கள். தோல் சிவந்தோ பரு மாதிரியோ இருந்தால் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

எங்கள் அம்மாவுக்குப் படுக்கையில் கிடந்தபோது தானாகச் சடை விழுந்தது. அம்மன் கொடுத்தது, வெட்டினால் ஆகாது என்கிறார்கள். கழுத்து வலியில் தூங்க முடியவில்லை.

சீவாமல் கிடந்த முடி சிக்கிக்கொண்டது. நாங்கள் விரும்பி வளர்ப்பதும் அவர்களுக்கு விழுந்ததும் திரள்வது ஒரே விதமாகத்தான். ஆனால் அவர்கள் கேட்டு வந்ததில்லை, வலிக்கவும் செய்கிறது. தாராளமாக எடுக்கலாம். மகாராஷ்டிராவில் மூடநம்பிக்கை ஒழிப்புக் குழுவினர் இப்படிப் பல பெண்களிடம் பேசிப் புரியவைத்துச் சடையை எடுத்துவிட்டிருக்கிறார்கள். அம்மாவின் பயத்தைத் தட்டிப் பேசாதீர்கள். சமயபுரத்திலோ பழனியிலோ முடி காணிக்கை கொடுப்பதில் அவருக்குச் சம்மதம் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். அதற்கு முன், சடைக்கு அடியில் புண் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால் முதலில் மருத்துவர்.

பிடிக்காமல் போனால் பிரித்துவிட முடியுமா?

முடியும், பொறுமை வேண்டும். கண்டிஷனரில் நன்றாக ஊறவைத்து, கம்பிப்பல் சீப்பால் நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறுங்கள். கூட இரண்டு பேர் உட்கார்ந்தாலும் சில நாள் பிடிக்கும். பை பையாக முடி வரும். அதில் பெரும்பாலானது இத்தனை வருஷம் உதிர்ந்து உள்ளே தங்கியிருந்ததுதான்.