மேகத்தில் மறைந்த கோப்புகள்: வாசகர் கேள்விகளுக்கு விடைகள்

கேள்வி: பல ஆண்டுகளாகச் சேர்த்த பட்டுப்புடவை டிசைன் கோப்புகள் மைக்ரோசாஃப்டின் ஒன்டிரைவில் இருந்தன. லேப்டாப்பில் இடம் போதாததால், மேகத்தில், அதாவது இணையச் சேமிப்பில், ஒரு பிரதி இருக்கிறதே என்று நம்பி, லேப்டாப்பில் இருந்த ஃபோல்டரை அழித்தேன். இப்போது இணையதளத்திலும் கைபேசியிலும்கூட அது இல்லை. மீட்க வழி உண்டா? (ஆரணி)

பதில்: உண்டு, ஆனால் எந்தத் தேதியில் அழித்தீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒன்டிரைவ் ஃபோல்டரும் மேகத்தில் உள்ளதும் இரண்டு தனித்தனிப் பிரதிகள் அல்ல. ஓரிடத்தில் செய்யும் மாற்றத்தை மற்ற எல்லா இடங்களிலும் அப்படியே செய்வதுதான் ஒத்திசைவின் வேலை. அழிப்பதும் அதற்கு ஒரு மாற்றமே.

லேப்டாப்பை விட்டுவிட்டு, பிரவுசர் வழியாக ஒன்டிரைவ் தளத்துக்குள் சென்று ரீசைக்கிள் பின்னைத் திறங்கள். தனிநபர் கணக்கில் 30 நாட்களும், அலுவலக அல்லது கல்லூரிக் கணக்கில் பொதுவாக 93 நாட்களும் அழித்தவை அங்கே காத்திருக்கும். தேர்ந்தெடுத்து மீட்டால் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். மைக்ரோசாஃப்ட் 365 சந்தா இருந்தால், கடந்த 30 நாட்களில் நீங்கள் சொல்லும் ஒரு நேரத்துக்கு ஒன்டிரைவ் முழுவதையுமே பின்னோக்கிக் கொண்டு செல்லலாம். லேப்டாப்பில் இருக்கும் விண்டோஸ் ரீசைக்கிள் பின்னையும் பார்க்க மறக்காதீர்கள்.

கெடு கடந்திருந்தால், அதே கணக்கு உள்ள வேறு கணினி ஏதேனும், கோப்புகளை அழித்த நாளுக்கு முன்பிருந்தே அணைத்துக் கிடக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முதலில் வைஃபை ரௌட்டரை அணைத்துவிட்டு, இணையக் கம்பி இருந்தால் அதையும் பிடுங்கிவிட்டு, அதன் பிறகே அந்தக் கணினியைத் திறக்க வேண்டும். இணையம் கிடைத்த சில நொடிகளில் அதுவும் அழிக்கத் தொடங்கிவிடும். பச்சை நிற டிக் குறி உள்ள கோப்புகள் முழுமையாக அந்த டிஸ்கிலேயே இருக்கின்றன. அவற்றைப் பென் டிரைவுக்கு எடுத்துவிடுங்கள். நீல நிற மேகக் குறி உள்ளவற்றுக்கு அங்கே பெயர் மட்டுமே இருக்கும்.

இனி இடம் தேவைப்பட்டால் அழிக்காமல், ஃபோல்டரின் மேல் வலது க்ளிக் செய்து இடத்தை விடுவிக்கும் கட்டளையைக் கொடுங்கள். கோப்பு மேகத்தில் இருக்கும், லேப்டாப்பில் இடமும் கிடைக்கும்.

கேள்வி: ஒன்டிரைவ் பேக்கப்பை நிறுத்தியதும் டெஸ்க்டாப் காலியாகிவிட்டது. (சத்துவாச்சாரி)

பதில்: அஞ்ச வேண்டாம், எதுவும் அழியவில்லை. பேக்கப்பை இயக்கியபோது டெஸ்க்டாப் ஃபோல்டரே ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் இடம்பெயர்ந்துவிட்டது. அதற்குள் இருக்கும் டெஸ்க்டாப் ஃபோல்டரைத் திறந்து, கோப்புகளைப் பழைய இடத்துக்கு நகர்த்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: கைபேசியில் இடம் வேண்டி கூகுள் ஃபோட்டோஸில் படங்களை அழித்தேன். மறைந்த என் தாயாரின் கடைசிப் படங்களும் அவற்றுடன் போய்விட்டன. (காட்பாடி)

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்தவுடன் முதலில் எழுத உட்கார்ந்தது இந்தப் பதிலைத்தான். அதே செயலியில் குப்பைத்தொட்டியை இன்றே திறங்கள். பேக்கப் ஆன படங்கள் அங்கே 60 நாட்களும், ஆகாதவை 30 நாட்களும் இருக்கும். தொட்டியைக் காலி செய்திருந்தால் கூகுள் வழியாக மீட்க வழியில்லை. அப்போது உறவினர்களைக் கேட்பதே சரியான வழி. வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பிய படம் தங்கையின் கைபேசியிலோ குடும்பக் குழுவிலோ இன்னும் இருக்கக்கூடும். சற்றுத் தெளிவு குறைந்திருந்தாலும் முகம் கிடைத்துவிடும். பழைய கைபேசியின் மெமரி கார்டு இருந்தால், அதில் இனி ஒரு படம்கூட எடுக்காமல் தனியே எடுத்து வையுங்கள்.

கேள்வி: மென்பொருள் போட்டு மீட்டுத் தருவதாகக் கடையில் சொல்கிறார்கள். நம்பலாமா? (வாலாஜாபேட்டை)

பதில்: உங்கள் கணினியில் இருப்பது சுழலும் தட்டுள்ள ஹார்ட் டிஸ்கா, சிப்புகளில் தரவை வைக்கும் எஸ்எஸ்டியா என்று முதலில் கேளுங்கள். ஹார்ட் டிஸ்கில், அழித்த கோப்பின் மேல் வேறொன்று எழுதப்படும் வரை பழைய தரவு அப்படியே கிடக்கும். ஆகவே கணினியை உடனே அணைத்துவிட்டு, டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் இணைத்து, மீட்ட கோப்புகளை இன்னொரு டிஸ்கில்தான் சேமிக்க வேண்டும். கோப்புகளை இழந்த டிஸ்கிலேயே மீட்பு மென்பொருளை நிறுவுபவரிடம் அதைக் கொடுக்காதீர்கள். ஃபோட்டோரெக் என்னும் மென்பொருள் இலவசமானது, நன்றாகவும் தேடும். ஆனால் கோப்புகளின் பெயர்கள் திரும்பக் கிடைக்காது. எஸ்எஸ்டியில் நிலைமை வேறு. அழித்த பகுதிகளை டிரிம் என்னும் கட்டளையால் இயங்குதளமே எஸ்எஸ்டிக்குத் தெரிவித்துவிடுவதால், அவை விரைவில் துடைக்கப்பட்டுவிடும். அதற்காகப் பெரிய தொகை கேட்டால் நான் தர மாட்டேன்.

கேள்வி: கூகுள் டிரைவில் இருந்த கணக்கு எக்செல் கோப்பின் மேல் வெற்றுக் கோப்பு பதிவாகிவிட்டது. (ராணிப்பேட்டை)

பதில்: தளத்தில் கோப்பின் மேல் வலது க்ளிக் செய்து, பதிப்புகளை நிர்வகிக்கும் பகுதிக்குச் செல்லுங்கள். பழைய பதிப்புகள் 30 நாட்களுக்கு, அல்லது 100 பதிப்புகள் சேரும் வரை அங்கே இருக்கும். தேவையானதை இன்றே இறக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆற்காட்டுப் பக்கத்து நிலத்தின் பட்டா ஸ்கேன் அழிந்துவிட்டது. (வேலூர்)

பதில்: இதற்கு மீட்பு தேவையே இல்லை. தமிழக அரசின் நிலப் பதிவேட்டு இணையச் சேவையில், பட்டா எண்ணையோ சர்வே எண்ணையோ கொடுத்துப் புதிய நகலை எடுக்கலாம். உங்கள் பழைய காகிதங்களில் வேலூர் மாவட்டம் என்றிருந்தாலும், 2019-இல் மாவட்டம் பிரிக்கப்பட்ட பின் ஆற்காடு ராணிப்பேட்டை மாவட்டத்தில் இருப்பதால், அந்த மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்துத் தேடுங்கள்.