மூளையில் புழுக்கட்டியா? பூச்சி மாத்திரையை அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள்

கேள்வி: என் தம்பிக்கு இங்கே கட்டுமான வேலை. விடுதியில் திடீரென்று வலிப்பு வந்தது. ஸ்கேனில் மூளையில் ஒரு புழுக்கட்டி என்கிறார்கள். நாங்கள் சுத்த சைவம், இது எப்படி வந்தது? பூச்சி மாத்திரை போதும் என்கிறார்கள் ரூமில் இருப்பவர்கள். ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள் என்கிறார் ஏஜென்ட்.
– வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: முதலில் அந்த மாத்திரையை அவன் கைக்கு எட்டாமல் வையுங்கள், அம்மா. வயிற்றுப் பூச்சிக்குக் கொடுக்கும் அல்பெண்டசோல்தான் இதற்கும் மருந்து, குழப்பமே அங்கேதான். புழு உயிரோடு இருக்கும்வரை மூளை பெரும்பாலும் அதைக் கண்டுகொள்ளாது. சாகும்போதுதான் சுற்றிலும் வீங்கி வலிப்பு கூடும். அதனால் முதலில் வலிப்பு மருந்து, அப்புறம் வீக்கத்தை அடக்க ஸ்டீராய்டு, அதன் பிறகே அல்பெண்டசோல். ஒன்றிரண்டு கட்டிக்கு, உடல் எடையைக் கணக்கிட்டு, 10 முதல் 14 நாள். புழு செத்துச் சுண்ணாம்பாகிவிட்ட கட்டிக்கு இது தேவையே இல்லை.

மாத்திரை தொடங்கும் முன் கண்ணைப் பரிசோதித்தார்களா என்று கேளுங்கள். பார்வை நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். சொட்டு மருந்து விட்டு, கண் பாப்பாவை விரித்து, உள்ளே விளக்கடித்துப் பார்க்க வேண்டும். கண்ணுக்குள்ளும் ஒரு கட்டி இருந்து, புழு மாத்திரையால் செத்தால், அந்த வீக்கம் பார்வையையே பறித்துவிடும். அங்கே இருந்தால் முதலில் கண் மருத்துவர்தான் முடிவெடுப்பார்.

சைவம் என்பது பாதுகாப்பு இல்லை. பன்றி இறைச்சி வழியாக வருவது குடல் நாடாப்புழு. அது உள்ளவரின் மலத்தில் வரும் முட்டை, கழுவாத கை வழியாக அடுத்தவர் சாப்பாட்டில் சேர்ந்தால்தான் மூளையில் கட்டி. பன்றியைத் தொடாத நியூயார்க் யூதக் குடும்பங்களிலேயே 1990களின் தொடக்கத்தில் இது வந்தது. தம்பியோடு சாப்பிடுகிறவர்களுக்கும் மலப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.

ஏஜென்ட் பேச்சைக் கேட்காதீர்கள். "இது வேலைக் காயம் இல்லை, காசு கிடைக்காது" என்பார். முதல் பாதி சரி, இரண்டாம் பாதி தப்பு. வேலை அனுமதியில் இருப்பவரின் மருத்துவச் செலவு முதலாளியின் பொறுப்பு. 2023 ஜூலை முதல், மருத்துவமனையில் தங்கும் சிகிச்சைக்கு ஆண்டுக்கு 60,000 வெள்ளிக்குக் குறையாத காப்புறுதியும் கட்டாயம். மறுத்தால் மனிதவள அமைச்சுக்குப் போங்கள். இவ்வளவு சட்டம் இருந்தும், வலிப்பு தெளிந்தவன் கையில் ஆங்கிலத் தாள்களைத் திணித்து அனுப்பிவிடுகிறோம். தமிழில் சொல்ல ஒருவரை உட்கார வைப்பதில்லை. எனக்குப் பொறுக்கவே முடியவில்லை.

ஸ்டீராய்டைத் தானாக நிறுத்தக் கூடாது. டாக்டர் சொல்லும்வரை சாரத்தில் ஏறக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது. தலைவலியோடு விடாத வாந்தி, மயக்கம் என்றால் மூளையில் நீர் தேங்கியிருக்கலாம், உடனே 995.