ஸ்போர்ட்ஸ் காரில் எடை குறைந்த ஃப்ளைவீலும் மேம்பட்ட கிளட்சும் போட்டால் என்ன மாறும்?

ஃப்ளைவீல் என்பது இன்ஜினின் கிராங்க் ஷாஃப்ட் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) முனையில் பொருத்தியிருக்கும் கனமான வட்டத் தட்டு. சிலிண்டரில் எரிபொருள் வெடிப்பது விட்டு விட்டுத்தான் நடக்கும். அந்த இடைவெளிகளில் சுழற்சி தொய்யாமல் காப்பது இந்தத் தட்டின் கனம்.

குழந்தைகள் நிறைந்த ராட்டினத்தைத் தள்ளிப் பாருங்கள். மெதுவாகத்தான் வேகம் எடுக்கும், நிறுத்துவதும் சிரமம். காலி ராட்டினமோ சட்டென்று சுழலும், சட்டென்று நிற்கும். குழந்தைகள் விளிம்பில் உட்கார்ந்தால் இன்னும் கடினம். அதனால்தான் ஃப்ளைவீலிலும் விளிம்புப் பக்கம் எடையைக் குறைப்பதில் பலன் அதிகம்.

எடை குறைந்தால் ஆக்சிலரேட்டரைத் தொட்டதும் ஆர்பிஎம் (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுழல்கிறது என்ற கணக்கு) முள் துள்ளி ஏறும், காலை எடுத்ததும் சரசரவென்று இறங்கும். கியர் மாற்றும்போது இது அருமையாக இருக்கும். ஆனால் நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது கொஞ்சம் அசந்தால் இன்ஜின் அணைந்துவிடும். வண்டி நிற்க இன்ஜின் மட்டும் ஓடும் ஐட்லிங்கில் அதிர்வும் கூடலாம். தினசரி நெரிசலில் ஓட்டுபவர்கள் இதை நன்றாக யோசித்துக்கொள்ள வேண்டும்.

சரி, கிளட்ச் எதற்கு? ஃப்ளைவீலை அழுத்திப் பிடித்து விசையை கியர்பாக்ஸுக்குக் கடத்துவது அதுதான். மேம்பட்டது இறுக்கமாகப் பிடிக்கும், வழுக்காது. பெடல் மட்டும் கனக்கலாம். இரண்டுக்கும் கியர்பாக்ஸை இறக்க வேண்டியிருப்பதால் சேர்த்தே மாற்றுகிறார்கள்.

இதனால் குதிரைத்திறன் கூடும் என்று பலர் நம்புகிறார்கள். கூடாது, இருக்கிற சக்தியில் ஃப்ளைவீலைச் சுழற்றச் செலவாவதுதான் குறைகிறது.