நூறு அடி நீளம்

வணக்கம். கிராஃப் கிளஸ்டரிங் (ஒரு வலைப்பின்னலை நெருக்கமான கொத்துகளாகப் பிரிப்பது) பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, கராத்தே கிளப் தரவில் ரேண்டம் வாக் ஓட்டினேன். ஒரு கணுவில், அதாவது வலைப்பின்னலின் ஒரு புள்ளியில் (இங்கே ஓர் உறுப்பினர்) தொடங்கி, அதோடு இணைந்த கணுக்களில் ஏதோ ஒன்றுக்குத் தாவ வேண்டும். இப்படி நூறு அடி. எந்தக் கணுவில் போய் நிற்க எவ்வளவு வாய்ப்பு என்று பார்த்தால், எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரே எண்கள்தான் வருகின்றன. இதில் கொத்து எங்கே இருக்கிறது?
– ஆர்., கோவை

அன்புள்ள ஆர்,

நிரலில் பிழை இல்லை. நடைதான் நீளம்.

மற்ற வாசகர்களுக்காக: வேய்ன் ஜக்கரி ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் கராத்தே கிளப்பை 1970 முதல் 1972 வரை கவனித்து, 1977இல் கட்டுரை எழுதினார். 34 பேர், அவர்களுக்குள் 78 இணைப்புகள். கட்டண விஷயத்தில் பயிற்றுநருக்கும் கிளப் தலைவருக்கும் முட்டிக்கொண்டு கிளப் இரண்டாக உடைந்தது. புதிதாக எந்தக் கிளஸ்டரிங் முறை வந்தாலும் இதில்தான் ஓட்டிக் காட்டுவார்கள், சலித்துப்போகும் அளவுக்கு.

நெடுநேரம் நடந்தால், ஒரு கணுவில் இருப்பதற்கான வாய்ப்பு அதன் இணைப்புகளின் எண்ணிக்கையை மட்டுமே பொறுத்தது. தலைவருக்கு (எண் 34) 17 இணைப்புகள். ஒவ்வொரு இணைப்புக்கும் இரு முனை என்பதால் மொத்தம் 156. ஆக 17/156, சுமார் 11 சதவீதம். எங்கிருந்து கிளம்பினோம் என்பது அதற்குள் அழிந்துபோயிருக்கும். நீங்கள் பார்த்தது இந்த எண்களைத்தான்.

கொத்து தெரிவது ஆரம்ப அடிகளில். 12ஆம் நபரை எடுங்கள். அவருக்கு இருப்பதே ஓர் இணைப்பு, பயிற்றுநரோடு. முதல் அடி அங்கேதான். பயிற்றுநருக்கு 16 இணைப்புகள். அந்தப் பதினாறு பேரில் உடைவுக்குப் பிறகு எதிர்ப்பக்கம் போனது 32ஆம் நபர் மட்டும். அதாவது இரண்டாவது அடியிலும் 15/16 வாய்ப்போடு அதே அணியில்தான் இருப்போம். உள்ளே இணைப்புகள் அடர்த்தி, வெளியே போக வழி குறைவு. அதனால் நடை கொஞ்ச நேரம் அங்கேயே சுற்றுகிறது.

இதை நேராகப் பயன்படுத்தியவர்கள் போன்ஸும் லட்டாப்பியும். 2005இல் வந்த அவர்களுடைய வாக்டிராப் முறையில், சில அடிகளில் எந்தக் கணுவுக்குப் போக எவ்வளவு வாய்ப்பு என்று ஒவ்வொரு தொடக்கத்துக்கும் கணக்கிட்டு, ஒத்துப்போகிறவற்றைச் சேர்த்துக்கொண்டே வருவார்கள். இணைப்பு அதிகமுள்ள பெரிய கணுக்கள் கணக்கை அமுக்கிவிடாமல் எடையையும் சரிசெய்கிறார்கள்.

எனக்கு அதைவிடப் பிடித்தது எம்சிஎல் (மார்க்கோவ் கிளஸ்டர்) என்ற முறை. ஸ்டைன் வான் டோங்கன் 2000இல் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த ஆய்வேடு அது. நடையை நிறுத்துவதில்லை, ஆனால் மறக்கவும் விடுவதில்லை. எந்தக் கணுவிலிருந்து எதற்குப் போக எவ்வளவு வாய்ப்பு என்ற எண் அட்டவணையை (மேட்ரிக்ஸ்) ஒருமுறை அதனாலேயே பெருக்குவது, அப்புறம் ஒவ்வோர் எண்ணையும் வர்க்கமாக்கி, ஒவ்வொரு தொடக்கத்துக்கும் கூட்டுத்தொகையை மறுபடி 1 ஆக்குவது, இதையே திரும்பத் திரும்பச் செய்வது. 0.6, 0.3, 0.1 என்ற வாய்ப்புகள் ஏறக்குறைய 0.78, 0.20, 0.02 ஆகிவிடும். மெலிந்த வழிகள் இப்படியே செத்துப்போக, எஞ்சுவது கொத்துகள். புரதக் குடும்பங்களைப் பிரிக்க உயிரியலாளர்கள் இதை நிறையவே பயன்படுத்துகிறார்கள்.

சரி, முதலில் 100ஐ 4 ஆக்கி ஓட்டிப் பாருங்கள். 9ஆம் நபர் தலைவர் பக்கம் போய் நின்றால் நிரலைக் குடையாதீர்கள். அவர் தலைவர் பக்கம் சாய்ந்தவர்தான். பிளாக் பெல்ட் தேர்வுக்கு மூன்றே வாரம் இருந்ததால் பயிற்றுநரோடு போனார் என்று ஜக்கரியே எழுதியிருக்கிறார். அது அந்த 78 இணைப்புகளில் எங்கேயும் இல்லை.