விழுந்துவிட்ட அம்மாவை ஊரை விட்டு அழைத்து வரலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 76 வயது. அப்பா போன பிறகு மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் சொந்த வீட்டில் தனியாக இருக்கிறார். பி.பி., சர்க்கரை இரண்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். போன மாதம் விடியற்காலை 3 மணிக்குக் கொல்லைப்புறக் கழிவறைக்குப் போகும்போது தலைசுற்றி விழுந்துவிட்டார். காலையில் பால்காரர் கூப்பிட்டுப் பார்த்துப் பதில் வராமல், பக்கத்து வீட்டுப் பையன் கொல்லைச் சுவரேறிக் குதித்துத் தூக்கியிருக்கிறான். நல்லவேளை, எலும்பு முறியவில்லை. வீட்டைத் தன் பெயருக்கு எழுதிக் கொடுத்தால் விற்றுவிட்டு அம்மாவை பெங்களூருக்குக் கூட்டிப் போகிறேன் என்கிறான் தம்பி. அம்மாவோ வரமாட்டேன் என்று ஒரே பிடியாக நிற்கிறார். நான் கோவையில் வேலையில் இருக்கிறேன். ராத்திரியில் போன் அடித்தாலே பதறுகிறது. கட்டாயப்படுத்தி அழைத்து வருவதா, அவர் போக்கில் விட்டுவிடுவதா?
– ஒரு வாசகி, கோவை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, விடியற்காலை 3 மணியிலிருந்து பால்காரர் வரும்வரை உங்கள் அம்மா தரையில் கிடந்திருக்கிறார். உங்கள் பதற்றம் நியாயமானது. ஆனால் அம்மா எங்கே இருப்பது என்ற கேள்வியைக் கொஞ்சம் ஒத்திப்போடுங்கள். ஏன் விழுந்தார் என்று முதலில் பாருங்கள். அந்தக் காரணம் சரியாகாவிட்டால் பெங்களூரு பிளாட்டிலும் அதே 3 மணிக்கு, வழவழப்பான டைல்ஸ் தரையில் விழத்தான் செய்வார். "வயசானா அப்படித்தான்" என்று யாராவது சொன்னால், அது டாக்டராகவே இருந்தாலும், அதோடு விட்டுவிடாதீர்கள்.

தலைசுற்றி விழுந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். படுக்கையிலிருந்து சட்டென்று எழும்போது ரத்த அழுத்தம் இறங்குவது இந்த வயதில் மிகவும் சகஜம். பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் அதிகம். இதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். அம்மாவை ஐந்து நிமிடம் படுக்க வைத்து பி.பி. பாருங்கள். அப்புறம் எழுந்து நிற்கச் சொல்லி ஒரு நிமிடத்தில் ஒரு தடவை, மூன்று நிமிடத்தில் ஒரு தடவை பாருங்கள். நிற்கும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். படுத்திருந்தபோது இருந்ததைவிட மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் அந்த மூன்று கணக்கையும் தாளில் குறித்து டாக்டரிடம் காட்டுங்கள். உட்கார்ந்தபடியே பார்க்கும் பி.பி.யில் இது பிடிபடாமல் போய்விடும்.

போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். தூக்கம் வரவில்லை என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கியது, சளிக்கு வாங்கியது எல்லாமே அதில் இருக்கட்டும். இரண்டுமே தடுமாற்றம் தரக்கூடியவை. பி.பி. மாத்திரைகள் சிலவற்றில் சிறுநீரை அதிகம் பிரிக்கும் மருந்தும் சேர்ந்திருக்கும். அதை ராத்திரி சாப்பிட்டால் 3 மணிக்கு எழுந்துதானே ஆக வேண்டும்? காலைக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். விடியற்காலையில் சர்க்கரை மிகவும் இறங்கிப்போகிறதா என்றும் கேளுங்கள். அன்றைக்கு வியர்த்ததா, கை நடுங்கியதா என்று அம்மாவிடம் விசாரியுங்கள். வயதானவர்களுக்குச் சர்க்கரையை இளம் வயதுக்காரர்கள் அளவுக்கு இறுக்கிப் பிடிக்கத் தேவையில்லை என்பதுதான் இன்றைய மருத்துவத்தின் நிலை. ஆனால் நீங்களாக எதையும் நிறுத்திவிட வேண்டாம். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை வருடக்கணக்காகச் சாப்பிடுகிறவர் என்றால், அதிலும் சைவம் என்றால், வைட்டமின் பி12 குறைந்து பாதம் மரத்துப்போகலாம். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். கண்புரை இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

சென்னைக்கு வர முடிந்தால், கிண்டி கிங் ஆய்வக வளாகத்தில் முதியோருக்கென்றே தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டிருக்கிறது. கண், எலும்பு, மருந்து என்று தனித்தனியாக அலையாமல் ஒரே இடத்தில் மொத்தமாகப் பார்க்க முடியும். அதுவரை ஊரில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு, 'மக்களைத் தேடி மருத்துவம்' பட்டியலில் அம்மா பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். பி.பி., சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வரும். நடமாட்டம் குறைந்தவர்களுக்கு வீட்டிலேயே பிசியோதெரபியும் அந்தத் திட்டத்தில் உண்டு.

அடுத்தது வீடு. பழைய வீட்டில் படுக்கும் அறைக்கும் கொல்லைக்கும் நடுவே எத்தனை நிலைப்படி, எத்தனை இறக்கம் என்று ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு நீங்களே ஒருமுறை நடந்து பாருங்கள். அந்த வழி முழுக்க ராத்திரி விளக்கு எரியட்டும். அதைவிட நல்லது, கட்டிலுக்குப் பக்கத்திலேயே ஒரு கமோடு நாற்காலி. அம்மா முதலில் முகம் சுளிப்பார். "ராத்திரிக்கு மட்டும்தான்" என்று சொல்லுங்கள். கழிவறையில் சுவரில் துளையிட்டு முடுக்கிய எஃகுக் கைப்பிடி வேண்டும். டவல் போடும் கம்பியைப் பிடித்து எழுவதைப் பல வீடுகளில் பார்க்கிறோம். அது ஆள் பாரத்துக்குச் செய்ததல்ல, ஒருநாள் கையோடு வந்துவிடும். உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு, வெளியிலிருந்தும் திறக்கக்கூடியதைப் போடுங்கள். கதவு வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்ற முடிந்தால் இன்னும் நல்லது. உள்பக்கம் திறக்கும் கதவென்றால், உள்ளே விழுந்தவரே கதவை அடைத்துக்கொண்டு கிடக்க நேரிடும். தேய்ந்த ரப்பர் செருப்பை இன்றைக்கே தூக்கிப் போடுங்கள். வாசல் சாவி ஒன்று அந்தப் பக்கத்து வீட்டில் இருக்கட்டும். அந்தப் பையன் இனிமேல் சுவரேற வேண்டியதில்லை.

அம்மாவுக்கு ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுக்காதீர்கள். எஸ்.ஓ.எஸ். பொத்தான் (ஆபத்தில் அழுத்தினால் உங்களுக்கு அழைப்பு வரும் பொத்தான்) உள்ள சாதாரண பட்டன் போன் போதும். கழுத்தில் கயிறு கட்டித் தொங்க வேண்டும், கழிவறைக்கும் அது கூடவே போக வேண்டும். தினமும் காலை 6 மணிக்கு நீங்களோ தம்பியோ கூப்பிடுங்கள். எடுக்கவில்லை என்றால் பத்து நிமிடத்தில் பக்கத்து வீட்டுக்குப் போன் போகட்டும்.

இவ்வளவும் செய்தாலும் பாக்கி நிற்பது அம்மாவின் கால் பலம். எனக்கு அதிகக் கவலை அதில்தான். ஒருமுறை விழுந்தவருக்குப் பயம் பிடித்துக்கொள்கிறது. கோயிலுக்குப் போவது நிற்கும், கடைக்குப் போவது நிற்கும். பிள்ளைகளும் "நடக்காதே, உட்கார்" என்பார்கள். உட்கார உட்காரத் தொடைச் சதை கரைந்து, அடுத்த முறை விழுவது இன்னும் சுலபமாகிவிடுகிறது. அதனால் டாக்டர் சரி என்றதும் ஒரு சிறு பயிற்சியைத் தொடங்குங்கள். கைப்பிடி உள்ள கனமான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, முடிந்தவரை கையை ஊன்றாமல் மெதுவாக எழுந்து, மெதுவாக உட்காரச் சொல்லுங்கள். ஆரம்பத்தில் ஐந்து முறை, காலையும் மாலையும். கை ஊன்றித்தான் எழ முடிகிறது என்றால் அப்படியே தொடங்கட்டும். கொஞ்சம் பழகிய பிறகு சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி நிற்பது, ஒரு பாதத்துக்கு முன்னால் இன்னொரு பாதத்தை ஒட்டி வைத்து நிற்பது. வாரத்தில் மூன்று நாளாவது இப்படிச் சமநிலைப் பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே முதியவர்களுக்குச் சொல்கிறது.

சாப்பாட்டையும் கேளுங்கள். தனியாக இருக்கும் அம்மாக்கள் பலர் "எனக்கு ஒருத்திக்கு எதுக்குச் சமையல்" என்று ஒருவேளை வடித்த சாதத்தில் மோரை ஊற்றி நாளை ஓட்டிவிடுகிறார்கள். பருப்பு, சுண்டல், தயிர், சாப்பிடுகிறவர் என்றால் முட்டை, இதெல்லாம் இல்லாமல் எவ்வளவு பயிற்சி செய்தாலும் சதை தேறாது. ராத்திரி எழ வேண்டுமே என்று பகலிலும் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறாரா? அதுவும் தலைசுற்றலைக் கூட்டும். மாலை வரை நன்றாகக் குடித்துவிட்டு, அதற்குப் பிறகு குறைத்தால் போதும்.

கட்டாயப்படுத்தலாமா என்று கேட்டிருந்தீர்கள். புத்தி தெளிவாக இருக்கும்வரை கூடாது. அந்தத் தெருவில் அவருக்குப் பேச்சுத்துணை இருக்கிறது, பால்காரருக்குக்கூட அவர் குரல் கேட்காதது தெரிந்திருக்கிறது. பிளாட்டில் எல்லோரும் வேலைக்குப் போனபின் அவர் பகல் முழுக்கத் தனியாகத்தான் இருப்பார். ஆனால் அடுப்பை அணைக்க அடிக்கடி மறக்கிறார், போட்ட மாத்திரையையே திரும்பப் போடுகிறார், பழகிய வழியில் தடுமாறுகிறார், இத்தனை மாற்றம் செய்தும் மறுபடி விழுகிறார் என்றால் தனியாக விடக்கூடாது. அப்போது என்ன செய்வது என்று அம்மாவிடமே இப்போது பேசி வையுங்கள். துணைக்கு ஆள் வைத்துக்கொள்வாரா, உங்களிடம் வருவாரா, தம்பியிடமா என்று அவர் வாயாலேயே சொல்லட்டும்.

கடைசியாக, வீட்டை எழுதிக் கொடுப்பது. தம்பி மனதில் அம்மா நலம் மட்டுமே இருக்கலாம். இருந்தாலும் இந்தப் பதற்றத்தில் எதிலும் கையெழுத்து வேண்டாம். அவருக்குப் பிறகு வீடு யாருக்கு என்று அம்மா முடிவு செய்ய விரும்பினால் உயில் எழுதலாம், உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். தானமாகவோ செட்டில்மென்டாகவோ பதிந்து கொடுத்துவிட்டால் அப்படித் திரும்ப வாங்குவது லேசல்ல. பெற்றோர் மற்றும் முதியோர் பராமரிப்புச் சட்டம், 2007, பிரிவு 23, பார்த்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, அவர்கள் பார்த்துக்கொள்ளாவிட்டால் ரத்து செய்யக் கேட்கும் உரிமையைத் தருகிறது. வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்க வேண்டும். பத்திரத்தில் அந்த நிபந்தனை எழுத்தில் இல்லையென்றால் அதற்கே அலைய நேரிடும். சந்தேகம் இருந்தால் முதியோர் உதவி எண் 14567-இல் அம்மாவே பேசலாம், கட்டணம் கிடையாது.