போன் அடித்தாலே நெஞ்சு படபடக்கிறது

கேள்வி (கொரோனாக் காலத்தில் வந்தது): இலங்கை மலையகத்தில் ஹட்டனிலிருந்து எழுதுகிறேன், வயது 41. சிறைக்குப் பதிலாக வெளியே இருந்தே தண்டனையை நிறைவேற்ற நீதிமன்றம் இடும் சமுதாயஞ்சார் சீர்திருத்தக் கட்டளையில் இருப்பவர்களைக் கண்காணிக்கும் உத்தியோகத்தர். கொரோனா பயணத்தடையால் தேயிலைத் தோட்டங்களுக்குப் போக முடியவில்லை, எல்லாம் போனில்தான். போன் அடித்தாலே நெஞ்சு படபடக்கிறது. இரவு 2 மணிக்கு விழித்தால் விடியும்வரை தூக்கமில்லை. வழக்கு நாட்களில் நீதிமன்றம் போய்வந்தால் தொற்றிவிடுமோ என்று மகளைக் கிட்டச் சேர்க்கவே பயம். இருதய வருத்தமா?

பதில்: பார்க்காமல் இல்லை என்று சொல்லமாட்டேன். டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போய் ஈசிஜி எடுங்கள். பிரஷர், சீனி பாருங்கள். தைரொயிட் கூடினாலும் இரத்தம் குறைந்தாலும் இப்படிப் படபடக்கும், அதற்கும் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். நெஞ்சு இறுகி, வியர்த்து, வலி கைக்கோ தாடைக்கோ போனால் யோசிக்காமல் 1990க்கு அடியுங்கள். அம்பியூலன்ஸ் இலவசம்.

எல்லாம் சரி என்று வந்தால், என் சந்தேகம் உங்கள் போன் மீதுதான். லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) இருப்பவருக்கு போன் எடுக்கிறீர்கள், பதில் இல்லை. ஆள் கட்டளையை மீறிவிட்டாரா, கோயில் மேட்டுக்கு ஏறினால்தான் சிக்னல் கிடைக்குமா? முன்பென்றால் பஸ் ஏறிப் போய் வாசலில் ஆளைப் பார்த்துவிட்டு வருவீர்கள், மனம் அடங்கும். இப்போது பொறுப்பு உங்களிடம், ஆள் கண்ணில் இல்லை. முடிவு தெரியாத விஷயத்துக்கு உடம்பு இரவிலும் காவல் இருக்கிறது. அட்ரினலின் இறங்குவதில்லை, தூக்கம் கலைகிறது. இதைக் கோழைத்தனம் என்று நினைக்காதீர்கள். வேலையில் தீராத அழுத்தத்தால் ஆள் தேய்ந்துபோவதை உலக சுகாதார நிறுவனமே 2019இல் நோயாக அல்ல, தொழில் சார்ந்த நிலையாகத்தான் வகைப்படுத்தியது. அதனால் மாத்திரையை மட்டும் நம்பிப் பயனில்லை.

பறித்த கொழுந்தை எடைபோட்டு முடித்து, மேட்டுக்கு வரக்கூடிய நேரம் எது என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு, அந்த நேரத்துக்கு மட்டும் போன் எடுங்கள். கிடைக்காவிட்டால் 'நாளை 5 மணி' என்று டயரியில் எழுதி மூடுங்கள். எழுதினால் அது மண்டையை விட்டு இறங்கும். இரவு அவசர அழைப்பை உத்தியோகத்தர்கள் முறைவைத்து எடுக்க மேலதிகாரியிடம் கேளுங்கள். தயங்காதீர்கள், இதைக் கேட்பது சலுகை அல்ல. பிற்பகல் 3க்குப் பிறகு சாயம் கூடின பிளேன்டீ (பால் சேர்க்காத தேநீர்) வேண்டாம் (மலையகத்தில் இதைச் சொல்வது எனக்கே கஷ்டம்). தூங்குவதற்காகச் சாராயம் பக்கம் போகாதீர்கள், அதுதான் 2 மணிக்கு எழுப்பும். இரண்டு வாரத்தில் மாறாவிட்டால் ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக்குக்குப் போங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் அன்றே மனநல உதவி இலக்கமான 1926க்குப் பேசுங்கள்.

மகள் விஷயம்: நீதிமன்றத்திலிருந்து வந்ததும் சவர்க்காரம் போட்டுக் குளித்து, உடுப்பு மாற்றுங்கள். காய்ச்சல், இருமல் இல்லாத, தொற்றுள்ளவரோடு பழகாத நாளில் அவளை மடியில் வைத்துக்கொள்ளலாம்.